யார் வீட்டுப் பிள்ளை?



நம் ஊர்ப்புறங்களில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் ஓடிவரும் சிறுவனை முதியவர் ஒருவர் கைகாட்டி நிறுத்துவார். "உன் பெயர் என்ன?" என்று அவர் முதலில் கேட்பதில்லை. "யார் வீட்டுப் பிள்ளையடா நீ?" என்றே கேட்பார். சிறுவன் தன் பாட்டனார் பெயரைச் சொல்வான். "ஓ, அந்த வீட்டுப் பிள்ளையா!" என்று முதியவர் முகம் மலர்வார். அதன்பின் அச்சிறுவனுக்கு அத்தெருவில் அச்சமில்லை. நாய் துரத்தினாலும் எந்த வீட்டுத் திண்ணையிலும் ஏறிக்கொள்ளலாம். தாகம் எடுத்தால் எந்த வீட்டு வாயிலிலும் தண்ணீர் கேட்கலாம். நாசரேத்துக்கு அருகில் என் பாட்டியார் வாழ்ந்த சிற்றூரில், கோடை விடுமுறைதோறும் யானும் இக்கேள்விக்கு விடை சொல்லி வளர்ந்தவன்.

கடல் கடந்து இத்தீவுகளுக்கு வந்தபின் அக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். "எப்போது வந்தீர்கள்? நாற்பத்திரண்டுக்கு முன்னரா, பின்னரா? தீவுவாசி அட்டை உண்டா? எத்தனை ஆண்டுகள் இங்கே படித்தீர்கள்?" இவை யாவும் வேண்டிய கேள்விகளே, குறை கூறுதற்கில்லை. பள்ளிக்கும், வேலைக்கும், கப்பற் பயணச் சீட்டுக்கும் இவற்றிற்கு விடை சொல்லியாக வேண்டும். ஆயினும் இக்கேள்விகளுக்கு எத்துணைச் சரியான விடை சொன்னாலும், திண்ணையில் ஏறிக்கொள்ளும் அந்தத் துணிவு பிறப்பதில்லை. அட்டை கையில் இருக்கிறது. அச்சம் நெஞ்சில் இருக்கிறது. இஃது ஏன்?

சென்ற முறை சென்னையிலிருந்து கப்பலில் வரும்போது நம்மவர் வீட்டு இளைஞர் ஒருவர் மேல்தளத்தில் என்னருகே அமர்ந்திருந்தார். மூன்று நாட் பயணம் அல்லவா? பேசப் பொழுதிருந்தது. "ஐயா, ஊருக்குப் போனால் என்னை அந்தமான்காரன் என்கிறார்கள். இங்கே வந்தால் தமிழ்நாட்டான் என்கிறார்கள். நண்பர்களிடையே ஏதேனும் தகராறு வந்தால் நான் வாய் திறப்பதே இல்லை. இரண்டு பக்கத்தாரும், 'நீ யார் சொல்வதற்கு?' என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது" என்றார். அவருக்கு அப்போது யான் தக்க விடை கூறவில்லை. கூறாமைக்குக் காரணம் உண்டு. அவருடைய அச்சம் என்னுடைய பழைய அச்சமே. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட விடையையே இத்திங்கள் இப்பகுதியில் எழுதத் துணிந்தேன்.

இத்தீவுகளின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. தலைநகரிலிருந்து தெற்கே கப்பலேறினால், பத்துப் பாகைக் கால்வாய் என்னும் கொந்தளிக்கும் நீர்ப்பரப்பைக் கடந்து, மறுகரையில் முதலில் நாம் காண்பது கார் நிக்கோபார். மலையின்றித் தட்டையாய், தென்னையும் தாழையும் சூழக் கடலின்மேல் மிதப்பது போலக் கிடக்கும் தீவு அது. நம் முன்னோருக்கு இப்பகுதி புதிதன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டிலே நக்கவாரம் என்னும் பெயரைக் காண்கிறோம். ஆயினும் இன்று அங்கே நாம் விருந்தினரே. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, அனுமதிச் சீட்டின்றி நாம் அங்கே கால்வைத்தல் ஆகாது. அது முறையே. அந்நிலம் நிக்கோபார் மக்களுடையது.

அம்மக்களிடையே துஹெத் என்றொரு குடும்ப அமைப்பு உண்டு. பல தலைமுறையினர் கூடிய பெருங்குடும்பம் அது. தென்னந்தோப்பும் தோட்டமும் பன்றிகளும் தனியொருவனுடையன அல்ல, துஹெத்தின் உடைமைகள். ஒருவன் உண்பதும், உழைப்பதும், மணம் முடிப்பதும், மண்ணில் அடங்குவதும் அந்த உறவுக்குள்ளேதான். ஆகவே, "யார் வீட்டுப் பிள்ளை?" என்னும் கேள்வியின் பொருளை நம்மினும் நன்கு உணர்ந்தவர்கள் அவர்கள் எனலாம்.

அத்தகைய மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை மாகாணத்துத் தமிழர் ஒருவர் சென்று வாழ்ந்தார். வேதப்பன் சாலமோன் என்பது அவர் பெயர். அவர் ஓர் உபதேசியார். மூஸ் என்னும் சிற்றூரில் தங்கி, அரசாங்கத்தின் முகவராகவும், பள்ளியாசிரியராகவும், வானிலையைக் குறித்து வைப்பவராகவும் பல பணிகளை ஒருவரே சுமந்தார். அவர் எழுதிவந்த நாட்குறிப்பின் சில பகுதிகள் 1901-ஆம் ஆண்டு மக்கட்கணக்கு அறிக்கையிலே அச்சேறின. துரைமார் எழுதிய அறிக்கைகளிடையே ஒரு தமிழ் உபதேசியாரின் குறிப்புகள் இடம்பெற்றமை நாம் நினைந்து மகிழத்தக்கது.

இதற்கு முன்னரும் சமயப் பணியாளர் இத்தீவுகளுக்கு வந்ததுண்டு. நம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் ஆண்ட காலத்தில் நிக்கோபார்த் தீவுகளும் அவர்களுடைய உரிமைப் பட்டியலில் இருந்தன. தரங்கம்பாடியருகே குடியேறியிருந்த மொராவியச் சபையார் 1768-ஆம் ஆண்டில் நன்கௌரித் தீவுக்குச் சென்றனர். காய்ச்சல் அவர்களில் ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுபோயிற்று. 1787-ஆம் ஆண்டில் அம்முயற்சியே கைவிடப்பட்டது. சாலமோன் உபதேசியார் சென்றபோது முன்னோர் விட்டுச்சென்றது வெற்றிக் கதையன்று, கல்லறைகளின் கதையே. அங்கே அவருக்குச் சாதியாரும் இல்லை, ஊராரும் இல்லை. அவருடைய தாய்மொழியை அறிந்தார் மிகச் சிலர். அம்மக்களுக்கு அவர் முற்றிலும் அயலார். ஆயினும் அவர் அங்கே தங்கினார். அம்மக்கள் மொழியைப் பயின்றார். அவர்களுடைய பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகக் கொண்டு எழுத்தறிவித்தார்.

அப்பிள்ளைகளுள் ஒருவன் ஹாச்செவ்கா. அவனுடைய கூர்மையைக் கண்டு, மேற்படிப்புக்காகப் பர்மா நாட்டு மாந்தலே நகரத்துத் திருச்சபைப் பள்ளிக்கு அவனை அனுப்பினார்கள். தென்னந்தோப்புத் தீவில் பிறந்த சிறுவனுக்கு மாந்தலே எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்னைக்கோ திருச்சிக்கோ பிள்ளைகளை அனுப்பும் நம் தாய்மார் அறிவர். மொழி வேறு, உணவு வேறு, உடை வேறு. அங்கேயும் அவன் அயலானே. ஜான் ரிச்சர்ட்சன் என்னும் கிறிஸ்தவப் பெயரால் உலகம் அறிந்த அம்மாணவர், 1912-ஆம் ஆண்டில் ஊர் திரும்பினார். திரும்பியவர் துரையாகத் திரும்பவில்லை. மூஸ் ஊராராகவே திரும்பினார். ஆசிரியர் விட்ட பணியை மாணவர் எடுத்துக்கொண்டார். பள்ளி நடத்தினார், பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்பித்தார், தம் தாய்மொழியிலே வேதாகமத்தை மொழிபெயர்க்கும் வேலையில் ஈடுபட்டார். பின்னர்க் குருவாகவும் திருநிலை பெற்றார்.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். புதுப் பெயர் பெற்றவர், புதுக் கல்வி பெற்றவர், புதுச் சமயம் தழுவியவர், தம் பழைய மொழியை விட்டுவிடுவதே உலக வழக்கு. இவரோ பெற்ற புதுமை முழுவதையும் தம் தாய்மொழியின் மடியிலே கொண்டுவந்து வைத்தார். கிறிஸ்துவைச் சேர்ந்தவராய் இருப்பதற்காக நிக்கோபார் மகனாய் இருப்பதை அவர் துறக்கவில்லை. ஒன்று மற்றொன்றை உறுதிப்படுத்திற்று. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1942-ஆம் ஆண்டில் இத்தீவுகள் ஜப்பானியர் வசமாயின. தலைநகரில் நிகழ்ந்த கொடுமைகளை நம் முதிய குடும்பங்கள் இன்றும் கண்ணீரோடு சொல்வதுண்டு. கார் நிக்கோபாரில் விமானத் தளம் அமைப்பதற்காக அம்மக்கள் கட்டாய உழைப்புக்கு இழுக்கப்பட்டனர். 1945-ஆம் ஆண்டில் நேச நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் தீவைத் தாக்கின. ஆண்டவர்களின் நெஞ்சில் ஐயம் புகுந்தது. தீவிலிருந்து யாரோ பகைவருக்குக் குறி காட்டுகின்றனர் என்று எண்ணினர். பிடித்தனர், அடித்தனர், வதைத்தனர். ஒற்றர் என்று குற்றஞ்சாட்டிப் பலரைக் கொன்றனர். போர் முடிந்தபின், 1946-ஆம் ஆண்டில், இக்கொடுமை பற்றிச் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணை நடந்ததென்பது வரலாறு.

ரிச்சர்ட்சனும் அப்போது பிடிக்கப்பட்டார். ஒற்றர் என்னும் பெயர் அவர்மீதும் சுமத்தப்பட்டது. சாவு அவருக்கென்று குறிக்கப்பட்டது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தமையால் உயிர் தப்பினார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார்.

வாசகர்களே, பெயரின் ஆற்றலை எண்ணிப் பாருங்கள். கையில் துப்பாக்கி உடையவன், எதிரில் நிற்பவனுக்குத் தான் விரும்பிய பெயரைச் சூட்டுகிறான். "நீ ஒற்றன்" என்கிறான். அப்பெயரை மெய்யென்று ஒப்புக்கொள்ளும் வரையில் அடிக்கிறான். அடிபட்டவர் ஒப்புக்கொண்டால் அவர்மேல் குற்றமில்லை. உடலின் பொறுமைக்கு எல்லை உண்டு. ஆனால் அந்நிலையிலும் ஒருவருடைய உள்ளத்தை உடையாமற் காப்பது எது? கல்வியா? மாந்தலேயில் கற்ற கல்வி அங்கே உதவாது. ஊர்ப் பெருமையா? ஊரே விலங்கிடப்பட்டுக் கிடக்கிறது. அரசாங்கச் சீட்டா? அச்சீட்டைத் தந்த அரசாங்கம் ஓடிப்போயிற்று. எஞ்சுவது ஒன்றே. நான் யாருடையவன் என்பதை, இவன் எனக்குப் பெயர் சூட்டுவதற்கு முன்னரே, மற்றொருவர் முடிவு செய்துவிட்டார் என்னும் அறிவே அது.

கிறிஸ்தவ சமயம் இத்தகைய அறிவைத்தான் முதற் பாடமாக வைக்கிறது. நன்மை செய், பிறகு கடவுளின் பிள்ளையாவாய் என்று அது தொடங்குவதில்லை. நீ பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்டாய், ஆகவே பிள்ளையைப் போல நட என்று தொடங்குகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்டமை உன் சம்பாத்தியம் அன்று. ஆதலால் பிறர் அதனைப் பறிக்கவும் இயலாது. சம்பாதித்த பெயருக்குத்தான் இழப்பு உண்டு. கொடுக்கப்பட்ட பெயருக்குக் கொடுத்தவரே பொறுப்பு. ஞானஸ்நானத்தின்போது ஒரு பெயரைச் சொல்லி நீர் வார்க்கிறார்களே, அதன் உட்பொருள் இதுவே.

திருமறையில் பேதுருவின் கதை இதற்கு நல்ல விளக்கம். சமயம் சாராத அன்பர்களும் இக்கதையைக் கேட்டிருக்கலாம். தம் குருநாதர் சிறைப்பட்ட இரவில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில், குளிருக்கு அஞ்சிக் கணப்பருகே பேதுரு நின்றார். வேலைக்காரச் சிறுமி ஒருத்தி, இவரும் அவருடன் இருந்தவர் என்றாள். இவர் மறுத்தார். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் மறுத்தார். மூன்றாம் முறை, அங்கு நின்றோர் இவருடைய பேச்சை வைத்தே இவர் கலிலேயர் என்று கண்டுகொண்டார்கள். நம்மவர் வாய் திறந்தவுடன் இந்தியை வைத்து நாம் எவ்விடத்தார் என்று கடைவீதியில் கண்டுகொள்கிறார்களே, அதுபோல! அப்போது சபித்துச் சத்தியம் செய்து மறுத்தார் பேதுரு.

கூர்ந்து நோக்கின், அன்றிரவு பேதுருவிடம் ஒருவரும் வாளை நீட்டவில்லை. "நீ யாரைச் சேர்ந்தவன்?" என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்ல இயலாமையே கோழைத்தனமாயிற்று. சில வாரங்கள் கழித்து அதே பேதுரு, அதே நகரத்தில், அதே தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின்முன் நின்று அஞ்சாது பேசினார். கல்லாத எளிய மனிதர் இவ்வாறு பேசுவதெங்ஙனம் என்று சங்கத்தார் வியந்து, இவர் இயேசுவுடன் இருந்தவர் என்று அறிந்துகொண்டனராம். இடையில் அவர் படைக்கலம் ஏந்தக் கற்கவில்லை, பதவி பெறவில்லை. பிழை செய்தவரைத் தள்ளிவிடாமல் மீண்டும் தம்மவராக ஏற்றுக்கொண்டார் குருநாதர். அவ்வளவே. தள்ளப்படமாட்டேன் என்று அறிந்தவனுக்கு அச்சம் ஏது?

நிற்க. ரிச்சர்ட்சன் சிறையிலிருந்து வெளிவந்தபின் நிகழ்ந்தவற்றைக் காண்போம். போருக்குமுன் கார் நிக்கோபாரில் கிறிஸ்தவர் சிறுபான்மையினரே. போருக்குப்பின் சில ஆண்டுகளில் அத்தீவினருள் பெரும்பாலோர் அச்சமயத்தைத் தழுவினர். சொற்பொழிவினால் இத்தகைய மாற்றம் நிகழ்வதில்லை. தம்முடன் துன்புற்றவரைத் தம்மவர் என்று அம்மக்கள் கண்டுகொண்டனர். 1950-ஆம் ஆண்டில் அவர் பேராயராகத் திருநிலை பெற்றார். 1952-ஆம் ஆண்டில் அமைந்த முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் நியமன உறுப்பினராக அமர்ந்தார். 1965-இல் பத்மஸ்ரீயும் 1975-இல் பத்மபூஷணும் அவரை நாடிவந்தன. 1978-ஆம் ஆண்டில் மறைந்தார். கார் நிக்கோபாரின் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தில்லிக்குச் சென்றும் அவர் நிக்கோபாரியராகவே இருந்தார். கிறிஸ்தவரான பின்னும் அம்மக்கள் துஹெத்தை விட்டுவிடவில்லை. பன்றித் திருவிழாவும் தோணிப் பந்தயமும் இன்றும் நடைபெறுகின்றன. ஹோடி என்னும் தோணியைச் செலுத்துகின்ற கைகளே ஞாயிற்றுக்கிழமையில் கூப்பி வணங்குகின்றன. உள்ளே ஆணிவேர் உறுதியாய் இருப்பின், வெளியே கிளைகள் காற்றுக்கு ஆடுவதில் அச்சமில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவ்வேரின் உறுதி மீண்டும் ஒருமுறை சோதிக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாட் காலை, கடல் எழுந்தது. கார் நிக்கோபாரின் கரையோர ஊர்கள் அழிந்தன. வீடும் தோப்பும் தோணியும் கோயிலும் போயின. எத்தனையோ பேருடைய அட்டைகளும் சான்றிதழ்களும் கடலோடு போயின. எஞ்சியவர்கள் உயரமான உள்நாட்டுப் பகுதிக்கு ஏறிச்சென்று, பின்னர்த் தகரக் கொட்டகைகளில் பல காலம் வாழ்ந்து, புது ஊர்களை அமைத்துக்கொண்டனர். பழைய ஊர்களின் பெயர்களையே அவற்றிற்கும் வைத்தனர். காகிதம் போயினும் தாம் யாரென்பதை அவர்கள் இழக்கவில்லை. கூடித் தொழுதார்கள், கூடி இறந்தவரை எண்ணி அழுதார்கள், கூடித் தென்னம்பிள்ளை நட்டார்கள்.

காகிதத்தைப் பற்றிப் பேசும்போது காட்சால் தீவின் நம்மவரை மறத்தல் ஆகாது. இலங்கை மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் ஒருநாள் நாடற்றோர் ஆயினர். 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கை அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. தாயகம் திரும்பியோர் என்னும் பெயரோடு, தாங்கள் காணாத தாயகத்திற்கு வந்தனர். அவர்களுட் சில குடும்பங்கள் காட்சாலின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. இலங்கையிலே இந்தியர், இந்தியாவிலே சிலோன்காரர், தீவிலே குடியேறியவர்! மூன்று பெயர்களையும் பிறரே சூட்டினர். அவர்கள் தாங்களே காத்துக்கொண்டது மாரியம்மன் வழிபாட்டையும், பிள்ளைகளின் தமிழ்ப் பெயர்களையும், பக்கத்து வீட்டுக்காரன் பசித்திருக்கப் பொறாத பழக்கத்தையும்தான்.

இப்பகுதியைக் கோயிலுக்குச் செல்வோரும், பள்ளிவாசலுக்குச் செல்வோரும், இரண்டிற்கும் செல்லாதோரும் படிக்கின்றனர் என்பதை அறிவேன். கிறிஸ்தவர் ஒருவரின் துணிவைச் சொன்னமையால் மற்றையோர்க்கு அது இல்லை என்று கூறுபவன் அல்லேன். அவரவர் தம் தம் வேரைத் தேடுக. ஆனால் எந்த வீட்டினரும் ஓர் எச்சரிக்கையை மறத்தல் கூடாது. அடையாளம் என்று ஊரில் விற்கப்படுவன யாவும் மெய்யான அடையாளங்கள் அல்ல. "நாங்கள் முன்னே வந்தவர்கள், நீங்கள் பின்னே வந்தவர்கள்" என்பதும் அடையாளம் போலத் தோன்றும். "எங்கள் சாதி, எங்கள் மாவட்டம், எங்கள் சபை" என்பனவும் அவ்வாறே தோன்றும். இவற்றை மெய்யடையாளத்தினின்று பிரித்தறிவது எவ்வாறு?

ஓர் எளிய உரைகல் உண்டு. பொய்யடையாளம் அச்சத்திலே பிறக்கிறது. ஆதலால் தான் நிமிர்வதற்குப் பிறரைக் குனியவைக்கிறது. மெய்யடையாளம் அன்பிலே பிறக்கிறது. ஆதலால் குனிந்தவர் பக்கத்தில் சென்று நிற்கிறது. சாலமோன் உபதேசியார் தாம் தமிழர் என்பதை நிலைநாட்டுவதற்காக நிக்கோபார்ச் சிறுவரைத் தாழ்த்தவில்லை. அவர்கள் பக்கத்தில் அமர்ந்து அவர்கள் மொழியைக் கற்றார். அயலூரில் அயலாராய் நின்ற அவருக்கு அத்துணிவு எங்கிருந்து வந்தது? எங்கே போனாலும் தாம் ஒரு வீட்டுப் பிள்ளை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி, முன்னர்ச் சொல்லாமல் விட்ட என் கதைக்கு வருகிறேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், யான் இத்தீவுக்குப் புதிதாய் வந்து, ஒரு கிடங்கில் தினக்கூலிப் பட்டியலில் எழுத்து வேலை பார்த்தேன். ஒருநாள் சிமெண்டு மூட்டைகள் சில குறைந்தன. மூட்டை தூக்கும் ராஞ்சிக்காரர் ஒருவர்மேல் பழி விழுந்தது. அவர் அந்நாளில் வேலைக்கே வரவில்லை. வருகைப் பதிவேட்டை எழுதியவன் யானே. மேலாளர் எல்லோரையும் நிறுத்தி, "யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. "நீ யார் சொல்வதற்கு? நேற்று வந்தவன், உன் பெயரே இன்னும் உறுதியாகவில்லை" என்று கேட்டுவிடுவாரோ என்று அஞ்சினேன். ஊரில் இரண்டு தங்கைமார் மணத்திற்கு இருந்தனர். வாய் திறவாதிருந்தேன். அந்த மனிதர் அன்று மாலையே அனுப்பப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் யான் கோயிலுக்குச் சென்றேன். பாடினேன், செபித்தேன். கடவுளின் பிள்ளை என்று வாயினால் சொன்னேன். ஆனால் தினக்கூலிப் பட்டியலில் இருந்த என் பெயரைத்தான் என் மெய்யான பெயரென்று நெஞ்சார நம்பியிருந்தேன். அதனாலன்றோ அப்பெயரைக் காப்பதற்காக ஓர் ஏழையின் சோற்றை விட்டுக்கொடுத்தேன்? பேதுருவின் கதையைப் பலமுறை கேட்டிருந்தும், கணப்பருகே நின்றவன் யானே என்பதை உணரப் பல மாதங்கள் ஆயின.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த மனிதரைச் சந்தையிலே கண்டேன். கீரை விற்றுக்கொண்டிருந்தார். அவர்முன் நின்று உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, பாய்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு கட்டுக் கீரையை எடுத்து என் பையில் வைத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய அச்சொல் என்னைச் சுட்டது. அவர் தந்த கீரையோ, தள்ளாமல் ஏற்றுக்கொள்ளுதல் என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டியது. அதன்பின் இரண்டொரு முறை வேறிடங்களில் வாய் திறந்து பேச நேர்ந்தது, பேசினேன். கால் நடுங்கத்தான் செய்தது. துணிவு என்பது நடுக்கமின்மை அன்று. நடுங்கும் காலோடு நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதே.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்குத் தீவுவாசி அட்டை வாங்கித் தருவோம், சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துவோம். அவை வேண்டும். போர்ட் பிளேயர் என்று நாம் அறிந்த நகரமே 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஊருக்கே பெயர் மாறும் உலகில், பெயர்ப்பலகையை நம்பி ஒரு பிள்ளை எத்தனை நாள் நிமிர்ந்து நிற்க இயலும்? ஆகவே இரவு உணவின்போது அவர்களை அருகில் அமர்த்தி, பாட்டனார் கப்பலேறிய கதையைச் சொல்லுங்கள். அவர் எதற்கு அஞ்சினார், எங்கே அஞ்சாமல் நின்றார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேர்வில் வென்றாலும் தோற்றாலும் இவ்வீட்டுப் பிள்ளையே நீ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடவுளை வணங்கும் வீடானால், அவருடைய பிள்ளையும் நீயே என்று சேர்த்துச் சொல்லுங்கள். இதனைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, வகுப்பில் ஒரு நிக்கோபார் மாணவனையோ ராஞ்சி மாணவியையோ பிறர் எள்ளும்போது, எழுந்து அவர்கள் பக்கத்தில் சென்று அமரும்.

கப்பலில் கண்ட அந்த இளைஞர் இவ்விதழைப் படிப்பாராயின், அவருக்கு ஒன்று சொல்வேன். தம்பி, "நீ யார் சொல்வதற்கு?" என்று உன்னை யாரேனும் கேட்கட்டும். கேட்பவனுக்கு விடை சொல்லவேண்டிய கட்டாயம் உனக்கில்லை. நீ யாருடைய பிள்ளை என்பது உனக்குத் தெரிந்தாற் போதும். சொல்லவேண்டியதைச் சொல்லிவிடு. நான் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து சந்தையிலே சொன்னதை, நீ அன்றைக்கே சொல்லிவிடு.